வெயில் மேலிருந்து, வெக்கை கீழிருந்து

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெரு முனையில் ஒரு காபிக் கடை இருக்கிறது. பை-டூ காபி, அதாவது ஒரு காபியை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லிவிட்டு நின்றால், தம்ளர் காலியாவதற்குள் உலக விவகாரம் முழுக்கத் தமிழில் முடிந்துவிடும். ஏப்ரல் வந்தால் அங்கே ஒரே பேச்சுதான்: "பெங்களூரு முன்ன மாதிரி இல்ல." 2016 ஏப்ரலில் நகரம் 39.2 டிகிரியைத் தொட்டதற்கப்புறம் இந்தப் பேச்சு இன்னும் வலுத்துவிட்டது. காரணம் மட்டும் ஆளுக்கு ஒன்று. சூரியன் பூமிக்குக் கிட்ட வந்துவிட்டதாம். எல்லாம் இந்த ஏசியால்தானாம். கடைசியில் ஒரு பெரியவர் வாயைத் திறப்பார். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடும்வரை வேலை பார்த்தவர்.

"தம்பி, நீங்கல்லாம் மேல பாத்துப் பேசுறீங்க. நான் கீழ போய்ப் பாத்தவன். பாறையில கை வெச்சா சுடும். அந்தச் சூடு மேல வராம எங்க போகும்?"

யாரும் பதில் சொல்வதில்லை. கேஜில் (சுரங்க லிஃப்ட்) ஏறி 3 கிலோமீட்டர் கீழே போய் வந்தவரிடம் என்ன வாதாடுவது? ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பூமிக்குச் சூடு எங்கிருந்தெல்லாம் வருகிறது, எது எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால், கடையில் சொல்லப்படும் காரணங்களில் எது நிற்கும், எது நிற்காது என்று தெரிந்துவிடும்.

ஊதுவத்தியும் அண்டாவும்

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊதுவத்தியின் நுனி பல நூறு டிகிரியில் கனல்கிறது. அண்டாவில் இருக்கும் வெந்நீர் 50 டிகிரிதான். ஆனால் குளிர்ந்த அறையில் எதன் பக்கத்தில் உட்கார்ந்தால் குளிர் போகும்? அண்டாதான். ஊதுவத்தியால் அறை சூடாகாது, வாசனை மட்டும்தான் வரும்.

ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது வெப்பநிலை. சூடான ஒன்றிலிருந்து குளிர்ந்த ஒன்றுக்குப் பாய்கிற ஆற்றல் வெப்பம். விநாடிக்கு எவ்வளவு ஆற்றல் பாய்கிறது என்பதற்கான அளவு வாட், நம் வீட்டு பல்பில் எழுதியிருக்கும் அதே வாட். பூமிக்கு யார் சூடு கொடுக்கிறார்கள் என்று கேட்டால் டிகிரியைப் பார்க்கக் கூடாது, வாட்டைப் பார்க்க வேண்டும். பாதிச் சண்டை இதைக் கவனிக்காமல் வருவதுதான்.

பெரியவரின் பக்கம் டிகிரி பலமாகவே இருக்கிறது. பூமியின் மையத்தில் 5,000 டிகிரிக்கு மேல். சூரியனின் மேற்பரப்பும் ஏறக்குறைய 5,500 டிகிரிதான். அதாவது நாம் நிற்கிற தரைக்கு 6,400 கிலோமீட்டர் கீழே, சூரியனின் முகத்துக்கு நிகரான ஒரு சூடு இருக்கிறது. கேட்டால் தூக்கம் வராது. ஆனால் வாட் கணக்கு வேறு கதை சொல்கிறது.

கீழ் அடுப்பு

உலகின் பெரும்பாலான இடங்களில், கீழே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும். தங்கவயலில் அதைவிட மெதுவாகத்தான் ஏறும், ஏனென்றால் அது மிகப் பழைய, ஆறிப்போன பாறை. அப்படியும் 3 கிலோமீட்டருக்குக் கீழே பாறையின் வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டிவிடும். மேலே இயந்திரங்களால் காற்றைக் குளிர வைத்து உள்ளே அனுப்பினால்தான் ஆட்கள் வேலை செய்ய முடியும். பெரியவர் சொல்வதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இந்த உள்சூட்டுக்குப் புவிவெப்பம் என்று பெயர். அதற்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று, பூமி பிறந்தபோது மிச்சமான சூடு. 454 கோடி வருடங்களுக்கு முன் கல்லும் உலோகமும் மோதி மோதி ஒன்றாகத் திரண்டபோது கிளம்பிய சூடு இன்னும் முழுசாக ஆறவில்லை. இன்னொன்று கதிரியக்கம். பாறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்திருக்கும் யுரேனியம், தோரியம், ஒரு வகைப் பொட்டாசியம் ஆகியவற்றின் அணுக்கள் தாமாகவே சிதைந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு சிதைவிலும் துளிச் சூடு. இன்று வெளியே வரும் புவிவெப்பத்தில் சுமார் பாதி இந்த வழியில் வருகிறது.

பாதி என்று எப்படித் தெரியும்? அணுக்கள் சிதையும்போது நியூட்ரினோ என்ற துகளும் கிளம்பும். எந்தப் பாறையும் அதைத் தடுக்காது. பூமிக்குள்ளிருந்து வரும் நியூட்ரினோக்களை ஜப்பானில் ஒரு சுரங்கத்துக்குள் எண்ணிப் பார்த்து, 2011இல் கணக்குச் சொன்னார்கள். இதற்கும் தங்கவயலுக்கும் தூரத்து உறவு உண்டு. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகிலேயே முதன்முதலில் 1965இல் பதிவு செய்த இரண்டு இடங்களில் ஒன்று, அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம். இதைச் சொன்னபோது பெரியவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

இந்தக் கதிரியக்கம் தெரியாத காலத்தில் பெரிய மூளைகளே வழுக்கின. 1862இல் இயற்பியலாளர் கெல்வின், பூமி ஆறுகிற வேகத்தை வைத்து அதன் வயதை 2 கோடியிலிருந்து 40 கோடி வருடத்துக்குள் என்று கணித்தார். பாறைக்குள் தானாகச் சூடு பிறக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பூமியின் உட்பகுதி, கெட்டியாக இருந்தாலும், கோடிக்கணக்கான வருடங்களில் கூழ் மாதிரி மெல்லப் புரண்டு உள்சூட்டை மேலே கொண்டுவருகிறது என்பதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, வாட்டுக்கு வருவோம். பூமி முழுவதையும் சராசரி எடுத்தால், ஒரு சதுர மீட்டர் தரை வழியாக மேலே வரும் புவிவெப்பம் 0.09 வாட். இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றின் பரப்பு சுமார் 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை தரைக்கும் அடியிலிருந்து வருவது மொத்தம் 9 வாட், அதாவது கூடத்தில் எரியும் ஒரு எல்ஈடி பல்பு. பெங்களூரில் அதுவும் இல்லை. லால்பாக்கில் எல்லோரும் ஏறி நின்று படம் எடுக்கிறார்களே, அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி வருடம். அத்தனை பழைய பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஊருக்கு உலக சராசரியில் பாதிதான் கிடைக்கும்.

அவ்வளவு சூடு உள்ளே இருந்தும் இவ்வளவு சொட்டாக வருவதற்குக் காரணம் பாறைதான். பாறை மோசமான வெப்பக் கடத்தி. உள்ளே அடுப்பு, நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடிமனில் சுவர். சில இடங்களில் சுவரில் ஓட்டை விழும். இமாசலத்தில் மணிகரன் வெந்நீர் ஊற்றில் அரிசியைத் துணியில் கட்டி முக்கிச் சோறாக்கி எடுக்கிறார்கள். எரிமலையும் அப்படி ஒரு ஓட்டைதான். ஆனால் ஓட்டைகளை வைத்து வீட்டுக் கணக்குப் போட முடியாது.

இதுவரை பார்த்தது: பூமியின் உள்ளே டிகிரி நிறைய, ஆனால் வெளியே வரும் வாட் மிகக் குறைவு. அது அண்டா இல்லை, ஊதுவத்தி.

மேல் அடுப்பு

இப்போது அதே ஃபிளாட்டின் மொட்டை மாடிக்கு ஏப்ரல் மதியம் போங்கள். மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் வெயில் விழுகிறது. 100 சதுர மீட்டருக்கு 1 லட்சம் வாட். அடியில் ஒரு பல்பு, மேலே 1 லட்சம் வாட். பெரியவருக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான்.

இரவு, மேகம், துருவப் பகுதி எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், பூமி சூரியனிடமிருந்து ஏற்று வைத்துக்கொள்வது சதுர மீட்டருக்குச் சுமார் 240 வாட். புவிவெப்பத்தைப் போல 2,500 மடங்குக்கும் மேல். சூரியனை அணைத்துவிட்டுக் கீழ் அடுப்பை மட்டும் நம்பினால், தரை மைனஸ் 235 டிகிரிக்கும் கீழே போகும். நாம் மூச்சு விடும் காற்றே உறைந்து பனியாகக் கொட்டிக் கிடக்கும்.

சூரியன் எரிகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அங்கே விறகு எரிவதுபோல் எதுவும் எரிவதில்லை. மையத்தில் 1.5 கோடி டிகிரிச் சூட்டில், பயங்கர அழுத்தத்தில், ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றாக இணைந்து ஹீலியமாகின்றன. இதற்கு அணுக்கரு இணைவு என்று பெயர். இணையும்போது எடையில் துளி குறைகிறது. அந்தக் குறைவுதான் ஆற்றலாக வெளியே வருகிறது. விநாடிக்கு 40 லட்சம் டன் இப்படிக் குறைகிறது. இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் எத்தனை டன் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஆற்றல் 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைத் தாண்டி 8 நிமிடம் 20 விநாடியில் நம்மிடம் வருகிறது. நடுவே காற்றும் இல்லை, கம்பியும் இல்லை. எதையும் தொடாமல் ஒளியாகவே வரும் இந்த முறைக்குக் கதிர்வீச்சு என்று பெயர். ஹோட்டலில் தந்தூரி அடுப்பு வாசலைத் தாண்டிப் போகும்போது கன்னத்தில் மட்டும் சுள்ளென்று அடிக்கிறதே, அது கதிர்வீச்சு.

கிட்டே போனால் ஏன் குளிர்கிறது?

மேட்டுப்பாளையத்தில் வியர்வையோடு ரயில் ஏறுகிறவர்கள் ஊட்டியில் ஸ்வெட்டரோடு இறங்குகிறார்கள். சூரியனை நோக்கி 2 கிலோமீட்டர் ஏறியிருக்கிறோம், சூடு அதிகமாக அல்லவா ஆக வேண்டும்? பெங்களூரும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டு ஊருக்கும் சூரியன் ஒரே உயரத்தில்தான் ஏறுகிறது. ஆனால் கடல் மட்டத்திலிருந்து 920 மீட்டர் மேலே இருக்கும் பெங்களூர், வருடச் சராசரியில் சென்னையைவிட 5 டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி.

இங்கேதான் தலைப்பில் சொன்ன விஷயம் வருகிறது. சூரியன் காற்றை நேராகச் சூடாக்குவது கொஞ்சம்தான். வருகிற வெயிலை 100 பங்காக வைத்தால், 30 பங்கை மேகமும் பனியும் மணலும் திருப்பி அனுப்பிவிடும். காற்றும் மேகமும் பிடித்துக்கொள்வது 23 பங்கு அளவு. மீதி 47 பங்கு தரைக்கும் கடலுக்கும். தோசைக்கல் சூடானால் அதன் மேலிருக்கும் காற்று சூடாகிற மாதிரி, தரை சூடாகி, தரை காற்றைச் சூடாக்குகிறது. வெயில் மேலிருந்து வருகிறது, வெக்கை கீழிருந்து வருகிறது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் அதற்குப் புழுக்கம் என்று மூன்றாவது சொல்லும் வைத்திருக்கிறோம். பாடப்புத்தகம்தான் மூன்றையும் வெப்பம் என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டது.

சூடான காற்று மேலே கிளம்பும். மேலே அழுத்தம் குறைவு, அதனால் விரியும். விரியும்போது குளிரும். பஞ்சர் கடையில் டயர் வால்வை அழுத்தும்போது விரலில் படும் காற்று சில்லென்று இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதே சங்கதி. இதனால் ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. 15 கோடி கிலோமீட்டர் பயணத்தில் ஒரு கிலோமீட்டர் கிட்டப் போவதால் ஒன்றும் ஆவதில்லை.

ஊத்தப்பமும் ரோஸ்ட்டும்

"சூரியன் கிட்ட வந்துடுச்சு" கட்சிக்கும் ஒரு பதில் சொல்லிவிடலாம். பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை. வருடத்தில் ஒருமுறை சூரியனுக்கு மிக அருகில் போகிறோம்: சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். அது எப்போது தெரியுமா? ஜனவரி முதல் வாரம். மார்கழிக் குளிரில், கோலம் போடும் கை விறைக்கும்போது. மிகத் தூரத்தில் இருப்பது ஜூலை தொடக்கத்தில், 15.2 கோடி கிலோமீட்டர்.

அருகில் இருக்கும்போது பூமிக்கு 7 சதவீதம் அதிக வெயில் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைக் கோணம் அமுக்கிவிடுகிறது. ஒரே கரண்டி மாவைச் சின்னதாக ஊற்றினால் ஊத்தப்பம், இழுத்துத் தேய்த்தால் ரோஸ்ட். வெயிலும் அப்படித்தான். தலைக்கு நேரே இருந்தால் கொஞ்ச இடத்தில் கெட்டியாக விழும், சாய்ந்தால் பரந்து மெல்லிசாகிவிடும். டிசம்பர் 21 நண்பகலில் பெங்களூரில் சூரியன் 54 டிகிரி உயரம்தான் ஏறும். கோணம் ஒன்றினாலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

பெங்களூரில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருவது வருடத்துக்கு இரண்டு நாள்: ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். அன்று நண்பகலில் நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. இதற்கு நிழலில்லா நாள் என்று பெயர். ஏப்ரல் இங்கே ஏன் உச்சக் கோடை என்பது இதிலேயே இருக்கிறது. மே முதல் வாரம் தமிழ்நாட்டில் கத்திரி வெயில் தொடங்கும்போது இங்கே கோடை மழை பிடித்திருக்கும். ஆனால் ஆகஸ்ட் 18? அதே சூரியன், அதே உச்சி. ஒருவரும் வெயிலைப் பற்றிப் பேசுவதில்லை, ஏனென்றால் மேலே பருவமழை மேகம். கோணம் மட்டும் போதாது, நடுவில் யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

ஆக: தூரம் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கோணமும் மேகமும் உயரமும்தான் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் வித்தியாசம் காட்டுகின்றன.

போர்வை

வாங்கிய சூட்டைப் பூமி வைத்துக்கொண்டே இருந்தால் என்றோ உருகியிருக்கும். வாங்கிய அளவுக்குத் திருப்பி வெளியே அனுப்புகிறது. அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத ஒளியாக, அகச்சிவப்புக் கதிராக. இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் பக்கத்தில் கை வைத்தாலே சூடு தெரிவது இந்தக் கதிரால்தான்.

வெயில் காற்றைத் தாண்டி உள்ளே வந்த அளவு சுலபமாக இந்த அகச்சிவப்பு வெளியே போக முடியாது. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் ஆகியவை அதைப் பிடித்து, ஒரு பங்கை மறுபடி கீழே அனுப்பும். இதற்குப் பசுங்குடில் விளைவு என்று பெயர். வெயிலில் நிறுத்திய காரை உதாரணம் காட்டுவார்கள், அது அரைகுறை உதாரணம். காரில் முக்கியமாகச் சூடான காற்று வெளியேற முடியாமல் அடைபடுகிறது. போர்வைதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. போர்வை சூடு உண்டாக்காது, போகிற சூட்டைத் தாமதப்படுத்தும். இந்தப் போர்வை இல்லாவிட்டால் பூமியின் சராசரி மைனஸ் 18 டிகிரி. இருப்பதால் 15 டிகிரி.

வீட்டிலிருந்தே இதைப் பார்க்கலாம். பெங்களூரில் ஜனவரியிலும் ஜூலையிலும் பகல் உச்சம் ஏறக்குறைய ஒன்றுதான், 28 டிகிரி. ஆனால் இரவில் ஜனவரி 16க்கு இறங்கும், ஜூலை 20க்குக் கீழே அவ்வளவாகப் போகாது. ஜூலை இரவுக்கு மேகமும் ஈரமும் போர்வை. ஜனவரி இரவு வெறும் மேலோடு வெளியே படுத்திருக்கிறது.

நாம் மூட்டும் அடுப்புகள்

ஏசி சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து 5,000 வாட் சொச்சத்தை எடுக்கும். அதற்குத் தானே ஏறக்குறைய 1,500 வாட் மின்சாரம் குடிக்கும். இரண்டையும் சேர்த்துப் பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கமாகத் துப்பும். குறுகலான தெருவில் இது உறைக்கும். கூடவே, பகல் முழுக்க வெயிலை விழுங்கி இரவில் விடும் கான்கிரீட், தூர்ந்துபோன ஏரிகள். இப்படிச் சுற்றுப்புறத்தைவிட நகரம் சூடாக இருப்பதை வெப்பத் தீவு என்கிறார்கள். காபிக் கடையில் ஏசியைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது, தெரு அளவில்.

உலக அளவில் பார்த்தால், மனிதர்கள் எரிக்கும் எல்லாவற்றின் சூட்டையும் பூமி மேல் பரப்பினால் சதுர மீட்டருக்கு 0.04 வாட்தான் வரும். புவிவெப்பத்தில் பாதிகூட இல்லை. ஆனால் எரித்ததால் மிச்சமான வாயு போர்வையைத் தடிமனாக்கிவிட்டது. காற்றில் 10 லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு 420ஐத் தாண்டிவிட்டது. இதுவும் மற்ற மாற்றங்களும் சேர்ந்து பூமியின் கணக்கில் ஏற்றியிருப்பது சதுர மீட்டருக்கு 2.7 வாட் அளவு. மூட்டிய நெருப்பைவிட அதன் ஆவி பல பத்து மடங்கு வேலை செய்கிறது.

இன்னொரு வேடிக்கை: சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு 100 வாட் சூடு விடும். முகூர்த்த நேரத்தில் மண்டபத்தில் 1,000 பேர் இருந்தால் 1 லட்சம் வாட், அந்த மொட்டை மாடி வெயிலுக்குச் சமம். அதுவும் சூரியன் கொடுத்ததுதான். இட்லிக்கு அரிசி வெயிலில்லாமல் விளையவில்லை. நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் பழைய வெயிலின் சேமிப்பு. காற்றாலையும் அணைக்கட்டும் இன்றைய வெயில். கூடங்குளம் மாதிரி அணுமின் நிலையங்கள் விலக்கு. கீழ் அடுப்பில் மெல்லக் கனிந்துகொண்டிருக்கும் அதே யுரேனியத்தை அங்கே வேகமாகப் பிளந்து எரிக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரு நாளில் சொல்லவில்லை, நாலைந்து காபி ஆயிற்று. கடைசியில் பெரியவர் கேட்டார்: "அப்ப நான் பாத்த சூடு ஒண்ணுமே இல்லையா?"

"இருக்குங்கய்யா. ஆனா அதை எதிர்த்து ஓடுன உங்க மெஷினுக்கெல்லாம் கரண்ட் எங்கருந்து வந்துச்சு?"

"சிவசமுத்திரம்." யோசிக்காமல் சொன்னார். தங்கவயலில் வளர்ந்த யாரும் அதை மறக்க மாட்டார்கள். 1902இல் காவிரி அருவியிலிருந்து அத்தனை தூரம் கம்பி இழுத்துக் கொண்டுவந்த மின்சாரம்.

"காவிரியில தண்ணி?"

"மழை."

"மழை?"

பதில் சொல்லவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தார். வெயில் ஏறியிருந்தது. பெஞ்சை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு பை-டூ சொல்லு தம்பி" என்றார்.